நார்த்தாமலைக்கு வழி வகுத்த வரலாறு

தலவழிபாட்டிற்குப் புறப்படும் அன்பர்கள் முதற்கண் நாடுவன மூவர் முதலிகளின் திருப்பதிகம் பெற்ற தலங்களேயாம். அது முறையே. ஆயினும், பதிகம் பெறாமலும், நாள்வழிபாடு குன்றியும், காட்டிடத்தும் மலையிடத்தும் தனித்து நிற்கும் பழங்கற்றளிகள் நம் நாட்டிற் பலவுள. அவற்றுள் ஒன்றாகிய நார்த்தாமலை விசயாலய சோழீச்சரத்திற்கு, எழுபதாண்டு கடந்த முதியோர் இருவர் ஒரு பகற்பொழுதிற் கால்நடையாகச் சென்று மீளுதற்கு வழி வகுத்த வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அம்முதியோருள் ஒருவர் என் தமையனார், மற்றவன் யான். வழி செல்லுதற்கு ஒரு பகல் போதியதாயிற்று. வழி வகுத்தற்கோ மூன்று திங்கள் ஆயின. அதன் காரணத்தையும் கூறுதல் வேண்டும்.

எம் தந்தையார் விசேட தீக்கை பெற்று, நாற்பதாண்டுகட்கு மேல் ஆன்மார்த்த சிவபூசையை ஒருநாளும் வழுவாது ஆற்றியவர். அவர் சிவபதம் எய்தியபின், பூசைப் பெட்டகம் மூத்தவரும் தீக்கையுடையவருமாகிய தமையனாரிடஞ் சென்றது. சில ஆண்டுகளில் அவர்க்கு நீரிழிவு மிகுந்து, காலிற் புண் உண்டாகி, நீராடிப் பூசையில் அமர்தல் இயலாதாயிற்று. பூசை இடையறவுபடலாகாதென்று அஞ்சி, இலிங்கத் திருமேனியை அவர் ஒரு திருமடத்திற் சேர்ப்பித்தார். எனக்கு முன்னர்த் தெரிவித்தாரில்லை. யான் அறிந்தபொழுது வெகுண்டு, மூத்தவர் என்றும் பாராது, சொல்லத்தகாதன சொன்னேன். தந்தையாரைத் தெருவில் விட்டவர் என்றுஞ் சொன்னேன். இங்கு அச்சொல்லை மறைத்தெழுதுதல் முறையன்று. அக்காலத்து யான் சமய தீக்கை மட்டுமே பெற்றிருந்தேன். சிவபூசைக்குரிய விசேட தீக்கை பெற்றிலேன். அப்பெட்டகத்தை அவர் என் கையிற் கொடுத்திருப்பினும் அதனை ஏற்றற்கு யான் உரியனல்லேன். அவ்வுண்மை வெகுளியில் எனக்குத் தோன்றவில்லை; தோன்றிய பின்னரும் அதனை அவரிடஞ் சொல்ல நா எழவில்லை. இவ்வாறு பதினோராண்டு கழிந்தன.

சென்ற ஐப்பசியில் அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுத்துக்கள் முன்போல் நேராக இல்லை. "தம்பி, சிறு வயதில் அப்பா நம்மை நார்த்தாமலைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பேருந்தில் அவ்வழியாகப் போகும்போதெல்லாம் அந்த மலை கண்ணிற் படுகிறது. காற்புண் ஆறிவிட்டது. திலகவதியார் தம்பியை அழைத்ததுபோல் உன்னை அழைக்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் அழைக்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

இதற்கு யான் எழுதிய மறுமொழியை நினைக்க இன்றும் நாணுகின்றேன். மனத்திலிருந்ததை எழுத வகையறியாதவனாய், புதுக்கோட்டையிலிருந்து காலையிற் புறப்படும் பேருந்துகளின் நேரத்தையும், தை மாதமே மலையேறற்கு ஏற்றது என்பதையும், ஒருவர்க்கு மூன்று லிட்டர் நீர் வேண்டும் என்பதையும் எழுதியனுப்பினேன். அவரும் அதற்கேற்ப உறையூரிலிருந்து தாம் வரக்கூடிய நேரத்தை எழுதினார். அதன்பின் வாரந்தோறும் அட்டைகள் வந்தன, கைப்பேசியிலும் உரையாடினோம். உரையாடியதெல்லாம் வழியைப் பற்றியே.

நார்த்தாமலை என்பது ஒரு மலையன்று. மேலமலை, கோட்டைமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை, பொம்மமலை முதலாகப் பல பாறைக்குன்றுகளின் தொகுதி. திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலையை அடுத்து, எம் இருவர் ஊர்க்கும் இடையே அமைந்துளது. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை எனத் திரிந்தது என்பர். ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் இங்குச் சிறந்திருந்தமை கல்வெட்டுக்களால் விளங்கும்; சோழர் காலத்தில் இவ்வூர் தெலுங்ககுலகாலபுரம் எனவும் வழங்கப்பட்டது. பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மையைத் தொழ வருவார் பல்லாயிரவர். அவருள் மேலமலை ஏறிச் சோழீச்சரத்தைக் காண்பார் சிலரே.

முதல் வினா எம்மலையை முதலிற் காண்பது என்பது. கடம்பர்மலை ஊரை அடுத்துத் தாழ்விடத்தில் உள்ளது. அங்கு மலைக்கடம்பூர் ஈசர் கோயிலும், பாறையிற் பொறித்த நெடுங்கல்வெட்டுக்களும், ஒரு குளமும் உள்ளன. முதியோர்க்கு எளியது ஆதலின் அதனை முதலிற் காண்போம் என்றார் தமையனார். மேலமலை பெரும்பாலும் நிழலற்ற வெறும்பாறை. பத்து மணிக்கு மேற் பாறை சுடத் தொடங்கும். எளியதை முதலில் வைத்தால் அரியது வெயிலில் வந்து விழும் என்று யான் மறுத்தேன். இதனை அவர் உடன்பட்டார்.

உடன்படாத இடம் மிதியடி. சிவாலயம் உள்ள மலையில் மிதியடியோடு ஏறலாகாது, அடிவாரத்திலேயே கழற்றிவிட வேண்டும் என்பது என் கொள்கை. நீரிழிவு முதிர்ந்தார்க்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றும். சூடு பட்டாலும் முள் தைத்தாலும் உடனே தெரியாது. தெரியும்பொழுது புண் பெருத்திருக்கும். ஆதலின் மருத்துவர் அவரை வீட்டினுள்ளேயும் வெறுங்காலோடு நடக்கவொட்டாது தடுத்திருந்தார். யான் இவற்றையெல்லாம் அறிந்தும், "அண்ணா, அப்படியானால் அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுத் திரும்பலாமே" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையிற் சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு, "கண்ணப்பர் எப்படி ஏறினார்?" என்று கேட்டார். செருப்புக்காலால் நிர்மாலியத்தை நீக்கிய அவ்வேடரன்பிற்குமுன் எனக்கு வாயேது? மலைமேல் வரை மிதியடியோடு செல்வதென்றும், கோயிற் சுற்றினுள் தடித்த நூற்காலுறை அணிந்துகொள்வதென்றும் முடிவாயிற்று. இரண்டு இணைக் காலுறைகளை யானே வாங்கினேன், ஒன்று எனக்கு. அவர் மட்டும் காலுறையோடு நிற்க யான் வெறுங்காலோடு நிற்றல் அழகன்று என்று தோன்றிற்று.

உணவைப் பற்றிப் பூசலில்லை. என் மனையாள் புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டித் தருவதாகச் சொன்னாள். தமையனார் பதினொரு மணிக்குத் தவறாமல் உண்ணவேண்டும். இடையில் மயக்கம் வரின் வாயிலிட ஒரு பொட்டலம் கடலைமிட்டாய். இதனை இருவரும் தனித்தனியே மறவாது கொண்டுவந்தோம் என்பது பின்னர்த் தெரிந்தது.

மூன்றாவது பூசல் சமணர் குடகைப் பற்றியது. மேலமலையிற் சோழீச்சரத்திற்கு எதிரே, கிழக்கு நோக்கிய குடைவரைகள் இரண்டுள. சிறியது பழியிலீச்சரம் என்னும் சிவாலயம். பெரியதனை மக்கள் சமணர் குடகு என வழங்குவர். முன்னாளிற் சமணர் உறையுளாயிருந்தது என்பர். மாறவர்மன் சுந்தரபாண்டியன் காலத்ததாகிய 1228-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று அங்குத் திருமால் எழுந்தருளுவிக்கப்பட்டதனைக் கூறுகின்றது. எம் தந்தையார் எங்களை அம்மலைக்கு அழைத்துச் செல்லாமைக்கு இக்குடகே காரணம். "பெயரே சமணர் குடகு, பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?" என்று சொல்லிப் பயணத்தை ஆண்டுதோறும் ஒத்திவைத்தார். அப்பர் பெருமானை நீற்றறையில் இட்டவர்களின் பெயரைக் கேட்டாலே அவர்க்கு முகஞ் சிவக்கும். யானும் அவ்வழியினனாதலின், குறிப்பில் அக்குடகினைச் சேர்க்காது விட்டிருந்தேன். தமையனார் அதனைத் தம் கையெழுத்திற் சேர்த்துத் திருப்பியனுப்பினார். யான் அடித்தேன். அவர் மீண்டுஞ் சேர்த்து, ஓரத்தில் இவ்வாறு எழுதியிருந்தார்: "அப்பர் பெருமான் தருமசேனராய் அவர்களோடு வாழ்ந்த ஆண்டுகளை ஆண்டவன் கணக்கில் வைத்துத் தள்ளிவிடவில்லை. நாம் கால் மணி நேரம் நிற்கப் போகிறோம்."

அவர் எழுதியது அக்குடகினைப் பற்றி மட்டுமா என்று யான் அன்றிரவு நெடுநேரம் எண்ணினேன். காலையில், 'உள்ளே செல்வார் செல்லலாம்' என்று குறிப்பில் எழுதி முடித்தேன். அரைமனத்தினர் செய்யும் வேலை இது.

தைத் திங்களில், பொங்கல் கழிந்த ஒரு புதன்கிழமை, கிளைவழி பிரியும் இடத்திற் காலை ஆறரை மணிக்குச் சந்தித்தோம். யான் பத்து நிமிடம் முந்திச் சென்றிருந்தும், அவர் எனக்கு முன்னரே வந்து ஒரு கல்லின்மேல் அமர்ந்திருந்தார். மெலிந்திருந்தார், கையில் ஊன்றுகோல். நெற்றி நிறைய நீறு. பதினோராண்டு கழித்துக் கண்டபொழுது அவர் கேட்டது, "காபி குடித்தாயா?" என்பதே. குடித்தேன் என்றேன். நடக்கத் தொடங்கினோம்.

ஊர் வரை நல்ல வழி. அப்பால் மலையடிக்குச் செல்லும் வழியிலும் தடையில்லை. பாறைச்சரிவு தொடங்கியபின் ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினோம். குறிப்பில் யான் இவ்வேற்றத்திற்கு அரைமணி கொடுத்திருந்தேன். ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. இடையே தலையருவிச் சிங்கம் என்னும் சுனையைப் பற்றிப் பேசிக்கொண்டு ஏறினோம். அச்சுனை நீரின் அடியில் ஒரு சிவலிங்கம் உளது. 1857-இல் புதுக்கோட்டை அரச குடும்பத்தார் நீரை இறைத்து அவ்விலிங்கத்தை வழிபட்டமைக்குக் கல்வெட்டுண்டு. மழைக்காலங் கழிந்து நீர் நிறைந்திருக்கும் நாளில் யாம் சென்றோமாதலின், அங்குக் காணுதற்கு நீரன்றிப் பிறிதில்லை என விட்டுவிட்டோம்.

சரிவு முடிந்து மேலேறியதும் விமானந் தோன்றிற்று. அதன் அழகை விரித்தெழுத எனக்கு ஆற்றலில்லை. வெளியே சதுரமாகவும் உள்ளே கருவறை வட்டமாகவும் அமைந்த கற்றளி அது, மேற்கு நோக்கியது. சுற்றிலும் இருந்த எட்டுச் சிற்றாலயங்களுள் ஆறு எஞ்சியுள்ளன. தஞ்சையைக் கைக்கொண்டு, ஏறத்தாழ கி.பி. 850-இல் பிற்காலச் சோழராட்சிக்கு அடிகோலிய விசயாலயன் பெயரால் வழங்கினும், இதனை எடுப்பித்தவன் அவனல்லன். வாயிற்காவலர் உருவத்தின் கீழுள்ள கல்வெட்டு, சாத்தன் பூதியான இளங்கோவதியரையன் எடுப்பித்த கற்றளி மழையால் இடிபட, மல்லன் விடுமனான தென்னவன் தமிழதியரையன் அதனைப் புதுக்கினான் எனக் கூறும். இருவரும் முத்தரையர் குடியினர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

இக்கல்வெட்டினைப் படித்தற்கென்றே தமையனார் வந்தார். இளமையில் அவர் கல்லெழுத்துப் பயின்றவர். இங்கேதான் என் குறிப்பின் பெரும்பிழை வெளிப்பட்டது. கோயில் மேற்கு நோக்கியது. யாம் சென்றது காலை. கதிரவன் விமானத்தின் பின்னே நிற்ப, வாயிற்புறம் முழுதும் நிழலில் இருந்தது. காலுக்குச் சூடு தாக்காமையை எண்ணிய யான், கண்ணுக்கு ஒளி வேண்டும் என்பதை எண்ணவில்லை. பிற்பகலிற் சென்றிருப்பின் வெயில் நேரே எழுத்தின்மேல் விழுந்திருக்கும். செல்ல விரும்பும் அன்பர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

தமையனார் வருந்தவில்லை. கைப்பேசியின் விளக்கை ஏற்றி என்னிடங் கொடுத்து, "நேரே காட்டாதே, பக்கத்திலிருந்து சாய்த்துக் காட்டு" என்றார். சாய்த்துக் காட்டியவுடன், இல்லாதனபோல் இருந்த எழுத்துக்கள் ஒவ்வொன்றும் நிழல்கொண்டு எழுந்தன. அவர் விரலால் தொடாமல் விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டிப் படித்தார். எடுப்பித்தவன் பெயரைப் படித்தார். மழை என்னும் சொல்லிற்கு வந்து நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மேலும் படித்தார். முழங்கால் நடுங்கிற்று, ஆயினும் எழவில்லை.

அவ்விளக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்பொழுதுதான் எனக்கு வாய் திறந்தது. முகம் பாராமற் பேசுதல் எளிது. "அண்ணா, அன்றைக்கு எனக்கு விசேட தீக்கை இல்லை" என்றேன்.

"தெரியும்" என்றார், கல்லிலிருந்து கண்ணெடாமல்.

"நீங்கள் கொடுத்திருந்தாலும் நான் வாங்கியிருக்க முடியாது."

"வாங்கியிருப்பாய்" என்றார். "உன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? முறையில்லை என்று நான் சொன்னால், 'அப்பாவின் பூசையை எனக்கு மறுக்க நீ யார்' என்று கேட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பாய். அந்தக் குற்றம் உன்மேல் வரக்கூடாது என்றுதான் சொல்லாமற் கொண்டுபோய்ச் சேர்த்தேன். விளக்கைக் கொஞ்சம் தாழ்த்து."

விளக்கைத் தாழ்த்தினேன். என் கை ஆடியதால் எழுத்துக்களும் ஆடின. அவர் அதனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கோயிற்கதவு பூட்டியிருந்தது. தொல்லியல் துறையின் காவற்பணியாளர் சிறிது நேரத்தில் வந்து திறந்துவிட்டார். யாங்கள் கொண்டுசென்ற வில்வத்தைச் சாத்தி, திருவைந்தெழுத்தை ஓதி, நெடுநேரம் அமர்ந்திருந்தோம். பூசை மணியோசையும் தீப ஒளியும் இல்லாவிடத்தும் அவ்வட்டக் கருவறையில் ஒரு நிறைவிருந்தது. காலுறையோடு அமர்ந்திருந்தமை எனக்கு முதலிற் கூச்சமாயிருந்தது, பின்பு மறந்துபோயிற்று.

பழியிலீச்சரம் மிகச் சிறிய குடைவரை. விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி என்பான், பல்லவன் நிருபதுங்கனது ஏழாம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறத்தாழ கி.பி. 862-இல், இதனைக் குடைவித்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கை பின்னர் முகமண்டபமும் நந்தியும் அமைத்தாள். மண்டபம் இன்று இல்லை. அதன் அடித்தளம் மட்டும் நிற்கின்றது. காலை வெயில் குடைவரை வாயிலில் நன்கு விழுந்தது. என் குறிப்பு இவ்விடத்திற்கேனும் பொருந்திற்றே என்று தேறினேன்.

சமணர் குடகிற்கு வந்தபொழுது தமையனார் என்னைத் திரும்பியும் பாராமல் மேடையேறி உள்ளே சென்றார். அம்மேடையின் பக்கத்தில் யானையும் யாளியும் மகரமுமாக வரிசையாய்ச் செதுக்கியிருந்ததைப் பார்ப்பவன்போல் யான் கீழேயே நின்றேன். உள்ளிருந்து, "தம்பி, பன்னிரண்டு பெருமாள், எல்லாம் ஒரே அச்சு. எண்ணிப் பார்க்க வா, எனக்குப் பதினொன்றுதான் வருகிறது" என்று குரல் வந்தது. ஏறிச் சென்று எண்ணினேன். ஆளுயரத்திற்கு மேற்பட்ட பன்னிரு திருமால் உருவங்கள் முன்மண்டபச் சுவர்களில் நின்றன. பன்னிரண்டு சரியாக இருந்தது. அவர் ஒன்றை உண்மையாகவே விட்டாரா என்று இன்றளவும் அறியேன், கேட்கவுமில்லை. சமணர் அங்கிருந்தமைக்கு அப்பெயரன்றி வேறொன்றும் என் கண்ணிற் படவில்லை. தந்தையார் அஞ்சியது இதனையா என்று வியந்தேன். அக்குளிர்ந்த கல்லறையில் எங்களிருவர் மூச்சன்றி ஓசையில்லை.

பதினொரு மணி கழிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. குடகின் நிழலிலேயே அமர்ந்து உண்டோம். அடிவாரம் வந்தடைந்தபொழுது உச்சி கடந்துவிட்டது. கடம்பர்மலைக்குக் குறிப்பில் ஒன்றரை மணி ஒதுக்கியிருந்தும், ஒரு மரத்தடியில் துண்டை விரித்துத் தமையனார் படுத்தவர் நான்கு மணிவரை எழவில்லை. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆதலின் கடம்பர்மலையைப் பற்றி இங்கு எழுத ஒன்றுமில்லை. அவர் உறங்கும்பொழுது காலுறையைக் கழற்றிப் பாதங்களைப் பார்த்தேன்; புண்ணோ சிவப்போ இல்லை.

பெருஞ்சாலையில் அவர் பேருந்து முதலில் வந்தது. ஏறி அமர்ந்தபின் சாளரத்தின் வழியே, இலிங்கத் திருமேனியைச் சேர்ப்பித்த மடத்தின் பெயரையும், அங்குக் காலைப் பூசை தொடங்கும் நேரத்தையும் சொன்னார். இதுகாறும் யான் அதனைக் கேட்டிலேன். மாசியில் இருவரும் அங்குச் சென்று வந்தோம்.

சென்ற வாரம் மீண்டும் ஓர் அட்டை வந்துளது. குடுமியான்மலை உச்சிப்பாறையில் அறுபத்துமூவரையும் வரிசையாகச் செதுக்கியிருக்கின்றார்களே, அதனை எந்த நேரத்து வெயிலிற் பார்த்தால் முகங்கள் தெளிவாகத் தெரியும், ஏறும் வழியில் உட்கார இடமுண்டா என விசாரித்து எழுதும்படி கேட்டிருக்கின்றார். காலுறையும் இன்னும் இரண்டு இணை வாங்கச் சொல்லியிருக்கின்றார்.